கலையிற் பெண்ணும் தோற்கருவியும்: சீனச் சிற்பங்களும் அளவெட்டித் தவில் மரபும்

யாழும் வீணையும் பெண்களுக்குரியன, முழவும் தவிலும் ஆண்களுக்குரியன என்னும் கருத்து நம்மிடையே ஐயத்துக்கிடமற்ற உண்மைபோல வழங்கிவருகின்றது. தோற்கருவியை முழக்கும் உடல்வலு பெண்களுக்கு இல்லை என்பது இதற்குக் கூறப்படும் காரணமாகும். கலைவரலாற்றுச் சான்றுகள் இக்கூற்றுக்கு அரண் செய்யவில்லை.

சீனத்தின் செங்டு நகரில், கி.பி. 918இல் இறந்த வாங் ஜியான் என்னும் அரசனின் கல்லறை உள்ளது. அவனது சவப்பெட்டியைத் தாங்கிய மேடையின் பக்கங்களில் 24 பெண்களின் உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. இருவர் ஆடுவோர், ஏனைய 22 பேரும் இசைப்போர். நரம்புக்கருவி, துளைக்கருவி ஏந்தியோருடன் பல்வகை முழவுகளை ஏந்திய பெண்களும் சரிநிகராக அமர்ந்துள்ளனர். இந்தியாவிலும் அஜந்தா முதலாம் குகையின் மகாசனக சாதக ஓவியத்தில், ஆடுபவளைச் சூழ்ந்து குழலும் முழவும் இசைப்போர் பெண்களே. ஔரங்காபாத் ஏழாம் குகைச் சிற்பமும் இத்தகையதே.

ஆயின், இவற்றைப் பெண் விடுதலையின் சான்றுகளாகக் கொள்ளுதல் பொருந்தாது. வாங் ஜியானின் இசைமகளிர் அரசனது உடைமையின் ஒரு பகுதியாகவே அவன் கல்லறையில் இடம்பெற்றனர். அரண்மனை அவர்களது ஆற்றலைப் பயன்படுத்தியது. அவர்களுக்கு உரிமை அளித்ததென்று அச்சிற்பங்கள் கூறவில்லை. எனினும் பயிற்சி கிடைத்தவிடத்துப் பெண்கள் முழவிசைத்தனர் என்பது தெளிவு.

இனி, யாழ்ப்பாணத்துக்கு வருவோம். அளவெட்டி, நாதஸ்வர தவிற் கலைஞர்களாற் புகழ்பெற்ற ஊர். இங்கு வாழ்ந்த தவில் மேதை வி. தட்சிணாமூர்த்தி (1933–1975), இணுவில் விசுவலிங்கத்தின் மைந்தர். தந்தை வழி மைந்தன் என்பதே இக்கலையின் கையளிப்பு முறையாக இருந்தது. தவில் கோயிற் பணியோடும் திருவிழா இரவுகளின் நீண்ட கச்சேரிகளோடும் பிணைந்த தொழில். கோயில் வழக்கமும் குடும்பக் கட்டுப்பாடும் பெண்களை அத்தொழிலுக்குப் புறம்பாக நிறுத்தின. அதே வீடுகளிற் சொற்கட்டுகளைக் கேட்டு வளர்ந்த பெண்களுக்குச் செவிப்பயிற்சி இருந்தது, கைப்பயிற்சி மறுக்கப்பட்டது. ஆகவே தடையின் வேர் உடலமைப்பில் அன்று, தொழில் கையளிக்கப்பட்ட சமூக அமைப்பிலேயே உள்ளது.

இதற்குத் தமிழகத்தில் மறுதலைச் சான்றும் உண்டு. 1910இற் பிறந்த திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாள், நட்டுவனார் சிவராமனின் மகள். புதுக்கோட்டைத் தட்சிணாமூர்த்திப் பிள்ளையிடம் மிருதங்கம் பயின்று கச்சேரி மேடைகளில் வாசித்தவர். இசைக் குடும்பமொன்று தன் மகளைத் தடுக்காது குருவிடம் ஒப்படைத்தபோது, உடல்வலு பற்றிய வாதம் பொருளற்றதாயிற்று.

இராமநாதன் நுண்கலைக் கழகம் 1975இல் யாழ்ப்பாணத்துப் பல்கலைக்கழக அமைப்போடு இணைந்தமை இவ்வகையிற் கருதத்தக்கது. வகுப்பறையில் மிருதங்கம் பயில்வதற்குப் பிறந்த குடும்பம் தகுதியாக வேண்டுவதில்லை. தவிலுக்கும் இத்தகைய வாயில் அகலத் திறக்கப்படுதல் வேண்டும். அளவெட்டி மரபைப் பேணுவதென்பது அதன் பெரியோரை நினைவுகூர்வதோடு அமையாது. அக்கலையைக் கற்கும் உரிமையை அவ்வூர்ப் பெண்களுக்கும் உறுதிசெய்வதை உள்ளடக்கியதாகும்.