காற்று கூடினால் ஆளையே தூக்கி எறியும் 'பறக்கும் பலகை': சமாளிப்பது எப்படி?

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அறிமுகமான விளையாட்டுகளில் ஒன்று 'ஃபார்முலா கைட்'. மார்செய் கடலில் நடந்த இந்தப் போட்டியில், சிங்கப்பூரின் மேக்ஸ் மேடர் 17 வயதிலேயே வெண்கலம் வென்றார். தண்ணீரைத் தொடாமல் பலகைகள் சீறிய காட்சி பார்க்க செம ஜாலி. ஆனால், காற்று பலமானால் கதையே வேறு.

பலகை எப்படிப் பறக்கிறது?

பலகைக்கு அடியில் சுமார் ஒரு மீட்டர் நீளத்தில் ஒரு தண்டு. அதன் நுனியில் குட்டி விமானம்போல முன் இறக்கை, பின் இறக்கை. இதுதான் ஹைட்ரோஃபாயில். ராட்சதப் பட்டம் இழுக்க இழுக்க வேகம் கூடும். நீருக்குள் இருக்கும் இறக்கை பலகையை மேலே தூக்கும். பலகை தண்ணீரில் உரசாததால் லேசான காற்றே போதும்.

பலமான காற்றில் என்ன சிக்கல்?

கணக்கு சிம்பிள். மணிக்கு 18 கி.மீ. வேகக் காற்று 36 கி.மீ. ஆனால், அதே பட்டத்தின் இழுவிசை இரண்டு மடங்கு அல்ல, ஏறக்குறைய நான்கு மடங்காகும். நீருக்கடியிலும் இதே கணக்குதான். வேகம் கூடும்போது இறக்கையின் தூக்குவிசையும் எகிறும். இறக்கை நீர்மட்டத்தைத் தாண்டி வெளியே வந்தால் தூக்குவிசை சட்டென்று போய்விடும். பலகை தலைகுப்புற விழும். பக்கத்திலேயே கூர்மையான இறக்கை இருக்கும். பட்டமோ இழுப்பதை நிறுத்தாது.

என்ன செய்ய வேண்டும்?

- சிறிய பட்டம், சிறிய முன் இறக்கை. இரண்டையும் மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் போதாது.
- உடல் எடையை முன்காலில் கூட்டி, பலகை அதிகம் எழும்பாமல் அழுத்த வேண்டும்.
- ஹெல்மெட், மார்புக்கவசம் கட்டாயம்.
- கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றில் இறங்கவே கூடாது. விழுந்தால் கரைக்குத் திரும்புவது கஷ்டம்.

பயந்தால் என்ன ஆகும்?

தடுமாறும்போது கையில் இருக்கும் கன்ட்ரோல் பாரை இறுக்கிப் பிடித்து இழுப்பது மனித இயல்பு. இங்கே அதுதான் ஆபத்து. பாரை இழுத்தால் பட்டத்தின் விசை கூடும். முன்னால் தள்ளினால் குறையும். அப்படியும் அடங்கவில்லையா? இடுப்புப் பட்டை அருகே இருக்கும் 'குயிக் ரிலீஸ்' அமைப்பை விடுவித்தால் பட்டம் விசையிழந்துவிடும்.

அதனால்தான் பயிற்சியாளர்கள் இந்த விடுவிப்பைக் கரையிலேயே திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிறார்கள். கடலில் யோசிக்க நேரம் இருக்காது; கை தானாகவே அங்கே போக வேண்டும்.