தகடும் திரையும்

நுழையும்முன்

ஒரு கருவியைப் பழையது என்று ஒதுக்குவது எளிது. அதன் இயல்பறிந்து முழுப்பயனையும் பெறுவதற்கு அறிவு வேண்டும். குழாய்த் தொலைக்காட்சியில் டி.வி.டி. தகட்டின் காட்சியைத் தெளிவாகக் காணும் வழிகளை இக்கட்டுரை விளக்குகிறது.

குறை எங்கே?

உங்கள் வீட்டு அலமாரியில் பெற்றோரின் திருமணத்தைப் பதிந்த தகடு ஒன்று இருக்கலாம். இன்று நம்மிடையே இல்லாத தாத்தா, அதில் பந்தி விசாரித்தபடி நடந்து வருவார். அக்காட்சி பழைய தொலைக்காட்சியில் கலங்கித் தெரிந்தால், ‘தகடு கெட்டுவிட்டது’ என்று வீட்டார் முடிவு செய்வர். ஆனால், பல நேரங்களில் குறை தகட்டில் இருப்பதில்லை. தகட்டிலிருந்து திரைக்குச் செல்லும் வழியில் இருக்கிறது.

2006ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு விலையில்லா வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. அப்போது வழங்கப்பட்ட 14 அங்குலப் பெட்டிகள் குழாய்த் திரை கொண்டவை. அவற்றுள் இன்றும் இயங்குபவை உண்டு.

தகட்டில் இருப்பது என்ன?

12 செ.மீ. விட்டமுடைய டி.வி.டி. தகட்டின் ஓரடுக்கில் 4.7 ஜிகாபைட் அளவு தரவைச் சேமிக்கலாம். நம் நாட்டில் பின்பற்றப்பட்ட ‘பால்’ முறையில், ஒரு படத்திற்கு 625 கிடைக்கோடுகள். அவற்றுள் 576 கோடுகளே காட்சியைத் தாங்குகின்றன. நொடிக்கு 25 முழுப்படங்கள் தோன்றும். ஒவ்வொரு படமும் ஒற்றைப்படைக் கோடுகள், இரட்டைப்படைக் கோடுகள் என இரு பாதிகளாக வரையப்படும். டி.வி.டி. தகடு இந்த 576 கோடுகளையும் தரவல்லது. வி.சி.டி. தகடோ 288 கோடுகளை மட்டுமே தரும். வி.சி.டி. காட்சி மங்கலாய் இருப்பது தொலைக்காட்சியின் குற்றமன்று.

இணைப்பின் இன்றியமையாமை

தகட்டில் ஒளிச்செறிவும் வண்ணமும் தனித்தனியாகப் பதியப்பட்டுள்ளன. மஞ்சள் முனையுள்ள கம்பி இவ்விரண்டையும் ஒரே சைகையாகக் கலந்து அனுப்புகிறது. தொலைக்காட்சி அவற்றை மீண்டும் பிரிக்க வேண்டும். நீரைப் பிரித்துப் பாலை மட்டும் பருகும் அன்னத்தைப் பற்றி இலக்கியத்தில் படித்திருப்பீர்கள். பழைய தொலைக்காட்சி அத்தகைய அன்னமன்று. அதனால்தான் நுண்கோடிட்ட சட்டையின்மீது வானவில் நிறங்கள் நெளிகின்றன. புடவைக் கரையின் விளிம்பில் புள்ளிகள் ஊர்கின்றன.

நான்கு ஊசிகள் கொண்ட ‘எஸ்-வீடியோ’ கம்பி, ஒளிச்செறிவையும் வண்ணத்தையும் கலக்காமல் கொண்டு செல்லும். பச்சை, நீலம், சிவப்பு முனைகளையுடைய ‘காம்போனென்ட்’ இணைப்பு அதனினும் சிறந்தது. ஒலிக்கம்பியிலும் ஒரு சிவப்பு முனை உண்டு. இரண்டையும் மாற்றிச் செருகிவிடக் கூடாது. ஆண்டெனாத் துளை வழியாக இணைப்பதே எல்லாவற்றினும் தரம் குறைந்தது. வேறு துளை இல்லாதபோது மட்டும் அதனை நாடலாம். எனவே, முதற்பணி தொலைக்காட்சியின் பின்புறத்தில் எவ்வெத் துளைகள் உள்ளன என்று பார்ப்பதே. இணைக்கும்முன் இரு கருவிகளின் மின்சாரத்தையும் நிறுத்துக.

பெட்டியைத் திறந்து பார்க்கும் ஆர்வம் வேண்டா. குழாய்த் திரைக்குப் பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் தேவை. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் உள்ளே அது எஞ்சியிருக்கலாம்.

அமைப்பைச் சரிசெய்தல்

டி.வி.டி. கருவியின் அமைப்புப் பட்டியலில் மூன்றைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, திரையின் வடிவம். பழைய திரையின் அகல உயர விகிதம் 4:3. கருவியில் 16:9 என்றிருந்தால், அகலத்திரைப் படத்தில் முகங்கள் நீண்டு மெலிந்து தோன்றும். ‘4:3 லெட்டர்பாக்ஸ்’ என மாற்றினால், மேலும் கீழும் கறுப்புப் பட்டைகள் தெரியும், முகங்கள் இயல்பாகும்.

இரண்டாவது, ஒளிபரப்பு முறை. ‘பால்’ முறைக்கு மட்டும் உரிய பெட்டியில் ‘என்.டி.எஸ்.சி.’ சைகையைச் செலுத்தினால், படம் உருளலாம், வண்ணமிழந்தும் தெரியலாம்.

மூன்றாவது, ‘புரோகிரசிவ் ஸ்கேன்’. பாதி பாதியாகப் படம் வரையும் பெட்டிக்கு இது பொருந்தாது. அணைத்து வைக்க வேண்டும்.

கண்ணே அளவுகோல்

இனித் தொலைக்காட்சிக்கு வருவோம். திருமணக் காட்சியையே சோதனைக்குக் கொள்ளலாம். கருங்கூந்தலின் இழைகள் சற்றே புலப்படும் வரை ஒளிர்வைக் கூட்டுக. மணமகனின் வெண்பட்டு வேட்டியில் மடிப்புகள் மறையாத அளவில் மாறுபாட்டை நிறுத்துக. முகத்தின் நிறம் இயற்கையாய்த் தோன்றும் இடத்தில் வண்ணத்தை நிலைப்படுத்துக.

‘கூர்மை’ என்னும் அமைப்பைப் பலரும் உச்சத்தில் வைக்கின்றனர். அது புதிய நுட்பம் எதனையும் சேர்ப்பதில்லை. விளிம்புகளைச் சுற்றி வெண்கோடு ஒன்றை வரைகிறது. தகட்டில் இல்லாததைத் திரையில் வரவழைக்க இயலாது. அதைக் குறைத்து வைத்தால் இருப்பது இருந்தவாறே தெரியும்.

திரையில் திட்டுத்திட்டாக நிறம் மாறினால், அருகில் காந்தமுள்ள ஒலிபெருக்கி இருக்கிறதா என்று பாருங்கள். சன்னலொளி திரையில் விழாதவாறு பெட்டியை வைப்பதும் தெளிவைக் கூட்டும்.

தகட்டைப் பேணுதல்

தகட்டை மென்மையான பருத்தித் துணியால், நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். தரவுத்தடம் சுருளாகச் செல்வதால், வட்டமாகத் துடைக்கும்போது விழும் கீறல் தொடர்ச்சியான தரவை அழித்துவிடும். குறுக்கே விழும் கீறலைப் பிழைதிருத்தும் முறை பெரும்பாலும் ஈடுசெய்துவிடும்.

இத்தனையும் செய்து தெளிவு பெற்ற பின், மற்றொரு கடமையும் உண்டு. தகடும் காலத்தால் சிதையும். அதனை இயக்கும் கருவிகளும் அரிதாகி வருகின்றன. எனவே, தகடு இயங்கும்போதே அதிலுள்ளதைக் கணினியிலும் வேறொரு சேமிப்புக் கருவியிலும் படியெடுத்து வையுங்கள். பிறகு, வீட்டாருடன் அமர்ந்து ஒருமுறை பாருங்கள். பந்தியில் நடந்து வருபவரின் முகம் தெளிவாகத் தெரியும்போது, அவரைப் பற்றிச் சொல்வதற்குப் பாட்டியிடம் ஏராளம் இருக்கும்.