பார்க்காதவருக்கும் பதில் சொல்லும் திரை
எல்லோருக்குமான கணினி – 7

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் போகும் வழியில் இருக்கிறது கீழ்புத்துப்பட்டு. ஐயனார் கோயிலும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமும் இந்த ஊரின் அடையாளங்கள். வடக்கே மரக்காணத்து உப்பளங்கள். பாத்தியின் வெண்மையில் பட்டுத் தெறிக்கும் வெயிலைப் பார்த்தபடியே உப்பு வாருகிறவர்களின் கரை இது. சாதிச் சான்றிதழ், முதியோர் ஓய்வூதியம், பட்டா என எதற்கு விண்ணப்பித்தாலும் இன்று ஒரு கணினித் திரையைத் தாண்டித்தான் போக வேண்டும். பார்வை மங்கியவரோ பார்வையே இல்லாதவரோ அந்தத் திரைக்கு முன் உட்கார்ந்து, இன்னொருவர் துணையின்றித் தன் வேலையை முடிக்க முடியுமா?

முடியும். அதற்கான கருவி இலவசமாகவே கிடைக்கிறது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த, பார்வையற்ற இளைஞர் மைக்கேல் கரன் 2006இல் என்விடிஏ என்ற திரை வாசிப்பானை எழுதத் தொடங்கினார். பார்வையற்றவரான ஜேம்ஸ் டே அவருடன் சேர்ந்துகொண்டார். விண்டோஸ் கணினியில் இதை நிறுவிக்கொண்டால் திரையில் உள்ளதைக் குரலில் சொல்லும். தமிழையும் வாசிக்கும்.

ஆனால் அது திரையைக் கண்ணால் பார்ப்பதில்லை; மென்பொருளிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறது. 'இப்போது எங்கே நிற்கிறேன்? இதன் பெயர் என்ன? இது பட்டனா, கட்டமா? டிக் ஆகியிருக்கிறதா?' இதற்கெல்லாம் பதில் சொல்லும் ஏற்பாடு விண்டோஸிலும் லினக்ஸிலும் உண்டு. மென்பொருள் எழுதியவர் ஒரு படத்தை மட்டும் வைத்துவிட்டுப் பெயர் கொடுக்க மறந்தால், கேட்பவர் காதில் 'பட்டன், பட்டன், பட்டன்' என்றுதான் விழும். எது சேமிப்பது, எது அழிப்பது? ஒரு வரியில் பெயரை எழுதியிருந்தால் தீர்ந்திருக்கும்.

தமிழுக்கென்று இன்னொரு தடை உண்டு. இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் அச்சகங்களும் அலுவலகங்களும் நெடுங்காலம் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தன. அதில் 'அம்மா' என்பது கண்ணுக்குத்தான் அம்மா. உள்ளே கணினி வைத்திருப்பது ஆங்கிலத்தின் எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடியும் கே, எச். திரை வாசிப்பான் அதைத்தான் படிக்கும். தமிழைத் தமிழாகவே சேமிக்கும் யூனிகோடை 2010 ஜூனில் தமிழக அரசு தரமாக ஏற்றது. அதன் பிறகும் பழைய எழுத்துருக்களில் தயாராகும் ஒவ்வொரு கோப்பும், காதால் படிக்கிறவருக்குப் பூட்டிய கதவுதான்.

அடுத்தது வேகம். வேகத்தையும் அணுகல்வசதியையும் வெவ்வேறு துறையாகப் பார்ப்பவர்கள் உண்டு. மேசைக் கணினி மென்பொருளில் இரண்டும் ஒன்றோடொன்று பின்னியவை.

ஜேக்கப் நீல்சன் 1993இல் எழுதிய நூலில் மூன்று எல்லைகளைச் சொன்னார். 0.1 நொடிக்குள் பதில் வந்தால் உடனே நடந்ததாக மனம் ஏற்கும். 1 நொடி வரை எண்ண ஓட்டம் அறுபடாது. 10 நொடி தாண்டினால் கவனம் வேறு பக்கம் போய்விடும். பார்க்கிறவருக்குக் காத்திருக்கும்போது சுற்றும் வட்டமாவது தெரிகிறது. கேட்கிறவருக்கு அங்கே இருப்பது மௌனம் மட்டுமே. விண்ணப்பம் போனதா, போகவில்லையா? மறுபடி அழுத்துவதா, வேண்டாமா? ஒரு குரல் வராதா என்று அவர் தவிக்கிறார்.

இந்த மௌனத்துக்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். ஒரே ஆள் நடத்தும் மளிகைக் கடையில், அவர் மூட்டை எடுக்கக் கிடங்குக்குப் போய்விட்டால் கல்லாவில் பதில் சொல்ல ஆள் இருக்காது. மென்பொருளிலும் அந்த ஆளைப் போல, திரையைக் கவனிக்கும் முதன்மை இழை (thread) ஒன்று உண்டு. கோப்பை அனுப்புவது, சர்வரின் பதிலுக்குக் காத்திருப்பது போன்ற நீண்ட வேலைகளையும் அதன் தலையிலேயே ஏற்றினால் திரை உறைகிறது. திரை வாசிப்பான் கேட்கும் கேள்விகளுக்கும் பெரும்பாலும் அதே இழைதான் பதில் சொல்ல வேண்டும். ஆகவே திரை உறையும்போது குரலும் உறைகிறது. நீண்ட வேலையைப் பின்னணி இழைக்கு மாற்றி, 'அனுப்பப்படுகிறது', 'முடிந்தது' என்று அறிவிக்கச் செய்தால் பார்க்கிறவர், கேட்கிறவர் இருவருக்கும் நல்லது.

பார்வை மங்கியவருக்கு எழுத்து பெரிதாக வேண்டும். ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பெட்டியில் தமிழ்ச் சொல் பாதியில் அறுபடும். வரி இடைவெளி போதாவிட்டால் மேல்விசிறியும் கீழ்ச்சுழியும் வெட்டுப்படும். பெட்டி சொல்லுக்கேற்ப விரிய வேண்டும். வழக்கமான அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளி வேறுபாடு குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும் என்கிறது பன்னாட்டு இணைய அணுகல் வழிகாட்டி. மேசைக் கணினிக்கும் அது பொருந்தும்.

இதெல்லாம் தயவு அல்ல, உரிமை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் டிஜிட்டல் சேவைகளைப் பெறும் உரிமையும் அடங்கும் என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மென்பொருள் எழுதும் நண்பர்கள் இந்த வாரமே ஒரு சோதனை செய்யுங்கள். மவுஸைக் கழற்றுங்கள். மானிட்டரை அணையுங்கள். என்விடிஏவை இயக்கி, டேப் விசையால் மட்டும் நகர்ந்து, நீங்களே எழுதிய படிவத்தை நிரப்பி அனுப்புங்கள். எங்கே சிக்கினீர்களோ அதுவே முதலில் திருத்த வேண்டிய இடம். திருத்திய பிறகு, காதால் கணினியை இயக்கும் ஒருவரிடம் கொடுத்து, அவர் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் ஒப்புக்கொண்ட பிறகே அந்த வேலை முடிந்ததாகக் கொள்ளுங்கள்.

(அடுத்த வாரம்: கை நடுங்குபவருக்கான கீபோர்டு)