தீயில் சிக்கும் எரிவாயுக் கலன்: பாதுகாப்பு வால்வு மட்டும் போதுமா?

1966ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் தேதி, பிரான்சின் லியோன் நகருக்கு அருகிலுள்ள ஃபெய்சின் சுத்திகரிப்பு ஆலையில், தீயில் சிக்கிய புரொப்பேன் கோளக் கலன் ஒன்று வெடித்தது. தீயணைப்புப் படையினர் உள்பட 18 பேர் உயிரிழந்தனர். கலனின் பாதுகாப்பு வால்வு முன்னரே திறந்திருந்தது. அது கலனைக் காத்துவிடும் என்று நம்பி, அண்டைக் கலன்களைக் குளிர்விக்கவே நீர் பயன்படுத்தப்பட்டது.

இத்தகைய வால்வின் அளவு எவ்வாறு தீர்மானிக்கப்படுகிறது?

அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் விதிமுறைப்படி, கலனுக்குள் திரவம் தொட்டிருக்கும் சுவரின் பரப்பு முதலில் கணக்கிடப்படுகிறது. பொதுவாக, தீ எரியும் தளத்திலிருந்து 7.6 மீட்டர் உயரம் வரையிலான பகுதி கணக்கில் கொள்ளப்படும். அப்பரப்பு ஒரு விநாடியில் உறிஞ்சும் வெப்பத்தைத் திரவத்தின் ஆவியாதல் வெப்பத்தால் வகுத்தால், அந்நேரத்தில் உருவாகும் ஆவியின் அளவு கிடைக்கும். அவ்வளவையும் வெளியேற்றும் திறன் வால்வுக்கு இருக்க வேண்டும்.

ஆனால் இக்கணக்கு அழுத்தத்தை மட்டுமே கட்டுப்படுத்துகிறது. திரவ மட்டத்துக்கு மேலுள்ள சுவரின் வெப்பத்தை உள்வாங்க அங்கே திரவம் இல்லை. தீ நேரடியாகப் பட்டால் அப்பகுதி எஃகு சில நிமிடங்களிலேயே வலுவிழக்கக்கூடும். வால்வு திறந்திருக்கும்போதே கலன் கிழிந்துவிடும்.

எனவேதான் நீர்த்தெளிப்பு, தீக்காப்புப் பூச்சு, அழுத்தத்தை விரைந்து இறக்கும் ஏற்பாடு ஆகியவையும் வலியுறுத்தப்படுகின்றன. 1997 செப்டம்பரில் விசாகப்பட்டினம் சுத்திகரிப்பு ஆலையில் எரிவாயுக் கசிவால் மூண்ட தீ சுமார் 60 உயிர்களைப் பறித்தது. குடியிருப்புகள் ஆலைகளை நெருங்கியுள்ள நாடுகளில், தீயின் நடுவே வால்வு சீறத் தொடங்குவதை உடனே விலகிச் செல்வதற்கான எச்சரிக்கையாகவே கொள்ள வேண்டும்.