பினட்டுபோ: அளவீடு ஆணையான விதம்

பேரிடரை முன்னறியும் அறிவு இருந்தும் மக்கள் மடியலாம் என்பதைக் கொலம்பியாவின் ஆர்மேரோ நகரம் 1985இல் துயரத்தோடு உணர்த்தியது. நெவாடோ டெல் ரூயிஸ் எரிமலை வெடித்தால் சேற்றுவெள்ளம் பாயக்கூடிய பகுதிகளைக் குறித்த வரைபடம் அக்டோபரிலேயே வெளிவந்திருந்தது. அதில் ஆர்மேரோவும் அடங்கியிருந்தது. நவம்பர் 13 இரவு எரிமலை வெடித்தபின், உருகிய பனியும் சாம்பலும் கலந்த வெள்ளம் நகரை அடைய ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் பிடித்தபோதும், மக்கள் உரிய நேரத்தில் வெளியேற்றப்படாமையால், அன்றைய சேற்றுவெள்ளங்களில் சுமார் 23,000 பேர் மாண்டனர்.

அறிவியலாளரின் கணிப்புக்கும் அதிகாரியின் ஆணைக்கும் இடையே இருந்த அந்த இடைவெளியைக் குறைக்கும் முயற்சி, பிலிப்பைன்சின் பினட்டுபோ எரிமலை 1991 ஏப்ரலில் நீராவியைக் கக்கத் தொடங்கியபோது சோதனைக்கு உள்ளாயிற்று. அந்நாட்டு எரிமலை, நிலநடுக்கவியல் நிறுவனமும் அமெரிக்க நிலவியல் ஆய்வகமும் இணைந்து மே மாதத்தில் ஐந்து நிலைகள் கொண்ட எச்சரிக்கை முறையை வகுத்தன. மூன்றாம் நிலை என்றால் இரண்டு வாரங்களுக்குள்ளும், நான்காம் நிலை என்றால் 24 மணி நேரத்துக்குள்ளும் வெடிப்பு நிகழக்கூடும் என்பது பொருள். முடிவெடுப்போருக்குத் தேவைப்படுவது நில அதிர்வுப் பதிவன்று, எஞ்சியுள்ள கால அளவே என்பதை இம்முறை சரியாகப் புரிந்துகொண்டிருந்தது.

எனினும், அளவீடுகள் தாமாகப் பேசிவிடுவதில்லை. மலையிலிருந்து வெளியேறிய கந்தக டை ஆக்சைடு மே 13இல் நாளொன்றுக்கு சுமார் 500 டன்னாக இருந்து, மே 28இல் 5,000 டன்னைத் தாண்டி, பின்னர் சட்டெனச் சரிந்தது. எண்ணை மட்டும் பார்க்கும் நிர்வாகி ஆபத்து நீங்கியதென்றே கருதியிருப்பார். ஆனால் பாறைக்குழம்பு மேலேறும் பாதை அடைபட்டு உள்ளே அழுத்தம் பெருகுகிறது என்று ஆய்வாளர்கள் கொண்ட விளக்கமே எச்சரிக்கையைத் தளரவிடாமல் காத்தது. சேற்றுவெள்ளமும் கனல்மேகமும் எத்தகையவை என்பதை உணர்த்த, பிரெஞ்சு எரிமலையியலாளர் மோரிஸ் கிராஃப்ட் உருவாக்கிய காணொளியை அதிகாரிகளுக்கும் ஊர்மக்களுக்கும் திரையிட்டதும் பெரிதும் பயன்பட்டது.

ஜூன் 5 முதல் 9 வரையிலான ஐந்து நாட்களில் எச்சரிக்கை மூன்றாம் நிலையிலிருந்து ஐந்தாம் நிலைக்கு உயர்ந்தது. ஜூன் 10இல் மலைக்கு அருகிலிருந்த அமெரிக்காவின் கிளார்க் விமானப்படைத் தளத்திலிருந்து ஏறத்தாழ 14,500 பேர் வெளியேறினர். ஜூன் 15இல் நிகழ்ந்த பெருவெடிப்பின்போது பல்லாயிரம் உயிர்கள் இவ்வாறு காக்கப்பட்டிருந்தன. ஆயினும், அதே நாளில் கடந்த யுன்யா சூறாவளியின் மழையில் நனைந்து கனத்த சாம்பல் கூரைகளைச் சரித்ததாலேயே பெரும்பாலான இறப்புகள் நேர்ந்தன. மலையிலிருந்து எவ்வளவு தொலைவு என்பதைக் கொண்டு வகுத்த ஆபத்து வட்டங்கள் இந்தச் சுமையைச் சொல்லப் போதுமானவையாக இல்லை. மலைச்சரிவுகளில் குவிந்த சாம்பல் ஒவ்வொரு மழைக்காலத்திலும் சேற்றுவெள்ளமாக இறங்கியதால், மழைமானிகளையும் வெள்ளத்தின் அதிர்வை உணரும் கருவிகளையும் கொண்ட கண்காணிப்பு அதன் பின்னும் பல ஆண்டுகள் தொடர வேண்டியிருந்தது.