கே விசையைத் தட்டினால் என்ன வருகிறது?

காலை எட்டு மணிக்குள் தமிழ்மொழிக் கட்டுரையை அனுப்ப வேண்டும். நேற்றிரவே அம்மாவின் மடிக்கணினியில் தமிழைச் சேர்த்து, கட்டுரையையும் தட்டச்சு செய்து முடித்துவிட்டீர்கள். இப்போது கணினியைத் திறந்தால், அம்மாவின் கடவுச்சொல் தவறு என்கிறது. மூன்று முறை அடித்தாயிற்று. தமிழைப் போட்டதால்தான் கணினி கெட்டது என்று வீட்டில் பேச்சு கிளம்பிவிடும். பதற வேண்டாம், மேலும் மேலும் அடிக்கவும் வேண்டாம். பலமுறை தவறினால் கணக்கு சிறிது நேரம் பூட்டிக்கொள்ளக்கூடும்.

விசைப்பலகைக்கு எழுத்து தெரியாது என்பதை முதலில் நினைவில் வையுங்கள். 'கே' என்று அச்சிட்ட விசையைத் தட்டும்போது கணினிக்குப் போய்ச் சேர்வது அந்த எழுத்து அல்ல, விசை இருக்கும் இடத்தைக் குறிக்கும் ஓர் எண். விண்டோஸில் அது 37. அந்த எண்ணுக்கு எந்த எழுத்தைப் போடுவது என்பதை விண்டோஸ் ஓர் அட்டவணையைப் பார்த்து முடிவு செய்கிறது. ஒரு மொழியைச் சேர்க்கும்போது இன்னோர் அட்டவணையும் சேர்ந்துகொள்கிறது. விசைகளின் மேலுள்ள அச்சு மட்டும் அப்படியே இருக்கும்.

கடவுச்சொல் சிக்கலுக்குப் பெரும்பாலும் காரணம் தமிழே அல்ல. நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் விசைப்பலகைகள் பொதுவாக அமெரிக்க அமைப்பில் இருப்பவை. பள்ளியிலோ பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டல். அதனால் தமிழைச் சேர்க்கும் கையோடு பிரிட்டிஷ் ஆங்கிலத்தையும் சேர்த்துவிடுகிறவர்கள் உண்டு. அதன் அட்டவணையில் ஷிஃப்டுடன் 2ஐத் தட்டினால், மின்னஞ்சல் முகவரியில் வரும் 'அட்' குறிக்குப் பதிலாக இரட்டை மேற்கோள் குறி வரும். ஷிஃப்டுடன் 3ஐத் தட்டினால் பவுண்டு குறி. திரையில் வெறும் புள்ளிகள்தான் தெரிவதால் இந்த மாற்றம் கண்ணில் படாது.

கடவுச்சொல் கட்டத்தின் ஓரத்தில் கண் போன்ற ஒரு படம் இருக்கும். அதை அழுத்திப் பாருங்கள். என்ன விழுந்திருக்கிறது என்று தெரியும். திரையின் கீழே வலப்பக்கத்தில் மொழிக் குறி இருக்கும். அதைச் சொடுக்கி அமெரிக்க விசைப்பலகைக்கு மாறி, ஒருமுறை நிதானமாக அடியுங்கள். உள்ளே போனதும் அமைப்புகளில் வேண்டாத விசைப்பலகையை நீக்கிவிடுங்கள். விண்டோஸ் விசையுடன் இடைவெளி விசையைத் தட்டினால் மொழி மாறும். ஆல்ட்டும் ஷிஃப்டும் சேர்ந்தாலும் மாறலாம். கணினி விளையாட்டின் நடுவே திடீரென்று தமிழ் முளைப்பது இதனால்தான்!

அடுத்தது, பள்ளியில் பழகிய விசைகளைத் தட்டினால் வீட்டில் வேறு எழுத்து வருவது. தமிழுக்கு ஒரே அட்டவணை இல்லை. எது ஓடுகிறது என்று அறிய 'கே' விசையை ஒருமுறை தட்டுங்கள். 'ம' வந்தால் தமிழ் 99. 'க்' வந்தால் அஞ்சல்; மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் வழியே பரவிய, ஒலியைப் பின்பற்றும் முறை. 'க' வந்தால் இன்ஸ்கிரிப்ட். இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக இந்தியாவில் வகுக்கப்பட்டது. விண்டோஸ் பட்டியலில் வெறுமனே 'தமிழ்' என்ற பெயரில் இருப்பது இதுதான். அதனால் பலர் அறியாமல் இதைச் சேர்த்துவிட்டுத் திண்டாடுகிறார்கள்.

எழுத்துக்குப் பதில் கட்டங்கள் தெரிந்தால், அந்த எழுத்துருவில் தமிழ் இல்லை என்று பொருள். நிர்மலா போன்ற தமிழ் எழுத்துருவுக்கு மாற்றினால் போதும். புள்ளிகளால் ஆன வட்டம் தெரிந்தால் கதை வேறு. 'கெ' என்று எழுதும்போது நாம் கொம்பை முதலில் போடுகிறோம். கணினியோ 'க'வை முதலில், கொம்பை இரண்டாவதாகச் சேமித்து, திரையில் காட்டும்போது மட்டும் இடம் மாற்றுகிறது. கொம்பை முன்னால் தட்டிவிட்டால் அதற்குச் சொந்தக்கார எழுத்து இல்லை. அந்த வெற்றிடத்தைத்தான் வட்டம் காட்டுகிறது.

எல்லாவற்றையும்விடத் திருட்டுத்தனமான பிழை கண்ணுக்கே தெரியாது. 'கௌரவம்' என்ற சொல்லைக் கட்டுரையில் தேடுகிறீர்கள். எதிரே இருந்தும் கணினி இல்லை என்கிறது. ஔகாரக் குறியைத் தட்டாமல், ஒற்றைக் கொம்புடன் 'ள' எழுத்தைப் போட்டிருப்பீர்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு 'கௌ' இரண்டு குறியீடுகள், 'கெள' மூன்று. என் பழைய கோப்புகளிலும் இது நிறையவே உண்டு. ஐயம் வந்தால் விண்டோஸில் அந்த எழுத்தின் பின்னால் சுட்டியை வைத்துப் பின்னழிப்பு விசையை ஒருமுறை தட்டுங்கள். 'க' மிஞ்சினால் சரியாக எழுதியிருக்கிறீர்கள். 'கெ' மிஞ்சினால் திருத்த வேண்டும்.