சிறு கட்டணத்தை எதிர்த்துக் கேட்பது எப்படி? – முறையீட்டுக் கடிதத்திற்கு ஒரு வழிகாட்டி



வகுப்பில் பயன்படுத்த ஓர் இயங்கலைப் புதிர்ச் செயலிக்கு ஆண்டுச் சந்தா கட்டுகிறீர்கள் என வைத்துக்கொள்வோம். நிறுவனம் வெளிநாட்டில் உள்ளது. சந்தா 40 அமெரிக்க டாலர். செயலி மாணவர்களுக்குப் பொருந்தவில்லை; மூன்றாம் நாளே இரத்து செய்கிறீர்கள். '14 நாள்களுக்குள் இரத்து செய்தால் முழுப்பணமும் திரும்பக் கிடைக்கும்' என்று விலைப்பக்கத்தில் எழுதியிருந்தது. ஆனால், 35 டாலர்தான் திரும்பி வருகிறது. மீதி 5 டாலர் 'நிர்வாகக் கட்டணமாம்'.

"அஞ்சு டாலர்தானே, விட்டுத் தள்ளுங்க!" என்பார்கள் சிலர். வேறு சிலர் கோபத்தில் நாலு வரி எழுதி அனுப்புவார்கள். இரண்டு வழியிலும் பணம் திரும்புவது அரிது. கீழ்க்காணும் மூன்று கேள்விகளுக்கு விடை கண்டுவிட்டு எழுதினால் வாய்ப்பு அதிகம். தேர்வில் முறையீட்டுக் கடிதம் எழுதும் மாணவர்களுக்கும் இவையே கருத்துச் சட்டகம்.

1. பணத்தைப் பிடித்தது யார்?

இதைப் பார்க்காமல் எழுதுவதுதான் முதல் தவறு. வங்கி அறிக்கையில் குறைந்திருக்கும் தொகைக்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். ஒன்று, நிறுவனமே பிடித்துக்கொண்ட கட்டணம். இரண்டு, நம் வங்கி விதித்த வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம். விலை ரிங்கிட்டில் காட்டப்பட்டாலும், விற்பவர் வெளிநாட்டில் பதிவு பெற்றவர் என்றால் சில வங்கிகள் இதை விதிக்கின்றன. மூன்று, நாணய மாற்று விகிதம். பணம் கட்டிய நாளின் விகிதம் வேறு, திரும்பி வந்த நாளின் விகிதம் வேறு. நிறுவனம் 40 டாலரையும் முழுசா திருப்பித் தந்திருந்தாலும் ரிங்கிட் கணக்கில் குறையக்கூடும்.

ஆகவே, நிறுவனம் அனுப்பிய ரசீதையும் வங்கி அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, டாலரில் ஒப்பிடுங்கள். நம் எடுத்துக்காட்டில் 5 டாலரைப் பிடித்தது நிறுவனம்தான்.

2. முன்பே சொன்னார்களா?

கட்டணம் இருப்பது தவறில்லை. மறைத்து வைப்பதுதான் தவறு. பணம் கட்டும் முன் நமக்குக் காட்டப்பட்ட பக்கம், நாம் ஒப்புக்கொண்ட விதிமுறைகள், உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் ஆகிய மூன்றையும் படியுங்கள். கட்டணம் அங்கே தெளிவாகக் குறிப்பிடப்பட்டிருந்தால் நம் வழக்கு பலவீனம். அப்போது உரிமையாகக் கேட்க முடியாது, சலுகையாகத்தான் கேட்க முடியும். குறிப்பிடப்படவில்லை என்றால் அந்தப் பக்கத்தை உடனே படம்பிடித்து வையுங்கள். இணையப் பக்கம் நாளைக்கே மாறிவிடலாம்.

3. நாம் கேட்பது என்ன?

'நீங்கள் செய்தது சரியில்லை' என்பது குறை. '5 டாலரை இந்த நாளுக்குள் திருப்பித் தாருங்கள்' என்பது கோரிக்கை. கோரிக்கை இல்லாத கடிதத்திற்கு 'வருந்துகிறோம்' என்று ஒரு வரியில் பதில் எழுதி முடித்துவிடுவார்கள்.

மாதிரிக் கடிதம் (உடல் பகுதி)

ஐயா / அம்மையார்,

சந்தாத் தொகையில் பிடிக்கப்பட்ட 5 டாலரைத் திரும்பக் கோருதல்

மேற்கண்ட விவகாரம் தொடர்பாக இதை எழுதுகிறேன். கடந்த 3 மார்ச் அன்று 40 டாலர் செலுத்தித் தங்கள் ஆண்டுச் சந்தாவில் இணைந்தேன். 5 மார்ச் அன்று அதனை இரத்து செய்தேன்.

2. 14 நாள்களுக்குள் இரத்து செய்தால் முழுத்தொகையும் திருப்பித் தரப்படும் எனத் தங்கள் விலைப்பக்கம் கூறுகிறது. நிர்வாகக் கட்டணம் பற்றிய குறிப்பு அதில் இல்லை. எனினும், 35 டாலர் மட்டுமே எனக்குக் கிடைத்தது.

3. எனவே, எஞ்சிய 5 டாலரை 10 நாள்களுக்குள் திருப்பிச் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். இக்கட்டணத்திற்கு அடிப்படையான விதி இருப்பின், அதனைச் சுட்டிக்காட்டவும். ரசீதும் பக்கத்தின் படமும் இணைக்கப்பட்டுள்ளன.

நன்றி.

இக்கண்,

கவனியுங்கள்: ஒவ்வொரு பத்திக்கும் ஒரே வேலை. முதலாவது நடந்ததைச் சொல்கிறது, இரண்டாவது முரண்பாட்டைக் காட்டுகிறது, மூன்றாவது கேட்கிறது. 'ஏமாற்றுக்காரர்கள்', 'கொள்ளை' போன்ற சொற்கள் எங்கும் இல்லை. உண்மையில் அனுப்பும்போது ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருக்கும். வரிசை மட்டும் மாறாது.

பதில் வராவிட்டால்?

கடன்பற்று அட்டையில் கட்டியிருந்தால், அட்டை வழங்கிய வங்கியிடம் அந்தப் பரிவர்த்தனையை மறுத்து முறையிடலாம். 'திருப்பித் தருவதாகச் சொன்ன தொகை வரவில்லை' என்பது வங்கிகள் ஏற்கும் காரணங்களுள் ஒன்று; 'எனக்குத் திருப்தி இல்லை' என்று மட்டும் எழுதினால் போதாது. இதற்குக் காலக்கெடு உண்டு, தள்ளிப் போடாதீர்கள். நிறுவனம் பதிலுக்கு உங்கள் கணக்கை முடக்கவும் கூடும். அதனால், தேவையான கோப்புகளை முதலில் பதிவிறக்கிக்கொள்ளுங்கள்.

மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றம் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கிறது. பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட்தான். ஆனால், இந்நாட்டில் முகவரியே இல்லாத நிறுவனத்தின்மீது தீர்ப்பை நிறைவேற்றுவது கடினம். ஆகவே, வெளிநாட்டு நிறுவனம் என்றால் வங்கி வழியே நடைமுறைக்கு ஏற்றது.

வகுப்பறைப் பயிற்சி

இதே சூழலை மாணவர்களிடம் கொடுங்கள். ஆனால், 'நிர்வாகக் கட்டணம் 5 டாலர்' என்று விதிமுறையில் தெளிவாக எழுதியிருந்ததாக மாற்றிவிடுங்கள். இப்போது கடிதத்தின் இரண்டாம் பத்தி எப்படி மாறும்? உரிமையாகக் கேட்பதற்கும் சலுகையாகக் கேட்பதற்கும் உள்ள மொழி வேறுபாட்டை அவர்களே கண்டுபிடிக்கட்டும்.